இறுகிப்போன பற்றரிக் கூடு: பின்னால் இழுப்பதா, முன்னால் தள்ளுவதா?

திருக்கடலூரில் இருக்கும் என் மாமாவின் அலுமினிய டோர்ச் போன மாரியில் என் கைக்கு வந்தது. மூன்று ட்ரிபிள் ஏ பற்றரிகளை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் போட்டு, அந்தக் கூட்டை அப்படியே குழாய்க்குள் விடுகிற வகை. கச்சான் காற்று வீசும் காலம் முழுக்கப் படகுப் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. மழை தொடங்கி, கரண்ட் போன ஓர் இரவில் எடுத்து அமத்தினால் எரியவில்லை. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பொடி. கூடு அசையவே இல்லை.

"இஞ்ச பார் மருமகன், குறட்டால பிடிச்சு ஒரே இழுவையா இழு, வந்திரும்" என்றார் மாமா.

"கொஞ்சம் பொறுங்க மாமா, உடைஞ்சா பிறகு ஒண்டும் செய்ய ஏலாது" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். அதன்பின் அக்கம்பக்கத்திலிருந்தும் இதேபோல இரண்டு டோர்ச்சுகள் வந்து சேர்ந்தன. கடற்கரைப் பக்கம் இந்தத் தொல்லை இல்லாத வீடு குறைவு. மூன்றிலும் ஒவ்வொரு வழியாகச் செய்து பார்த்ததில், எது எங்கே கைகொடுக்கும், எது கெடுத்துவிடும் என்று ஓரளவு தெளிவாகிவிட்டது.

கூட்டைப் பிடித்து வைத்திருப்பது எது என்று முதலில் பார்க்க வேண்டும். அல்கலைன் பற்றரிக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ரொக்சைட் என்ற கடுமையான காரம். பற்றரி முடிந்த பிறகும் உள்ளேயே கிடந்தால் அதற்குள் ஐதரசன் வாயு சேர்ந்து அழுத்தம் ஏறும், ஒருநாள் அடைப்பு விட்டுவிடும். வெளியே கசிந்த காரம் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோடு சேர்ந்து பொட்டாசியம் காபனேற்றாக மாறும். நாம் காணும் வெள்ளைப் பொடி பெரும்பாலும் அதுதான். போதாததற்கு இந்தக் காரம் அலுமினியத்தையும் அரிக்கும். அரித்த இடத்தில் உருவாகும் கழிவு குழாய்ச் சுவருக்கும் கூட்டுக்கும் நடுவே சீமெந்து பூசியதுபோல இறுகிவிடும். ஆக, வெறும் இறுக்கத்தை விடுவிப்பது மட்டும் வேலையல்ல, ஒட்டியதைக் கரைக்கவும் வேண்டும்.

விலை குறைந்த சாதாரணப் பற்றரி என்றால் கதை வேறு. அதில் துத்தநாகக் கோப்பைதான் பற்றரியின் உடம்பு. மின்சாரம் தரத்தர அந்தக் கோப்பையே கரைந்து மெலிந்து கடைசியில் ஓட்டை விழும். அதிலிருந்து வருவது அமிலத் தன்மையுள்ள களி. அல்கலைனுக்கு வினாகிரி, இதற்கு அப்பச்சோடா கரைத்த தண்ணீர். இதை மாற்றிச் செய்தால் கசிவு நடுநிலைக்கு வராது. எது என்று தெரியாவிட்டால் பற்றரியின் உறையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். பின்பக்கத்தால் டோர்ச் வெளிச்சம் அடித்தால் பாதி எழுத்தாவது தெரியும்.

சரி, இனி வழிகளுக்கு வருவோம்.

எல்லோரும் முதலில் செய்வது தட்டுவது. பின்பக்கத்தைக் கீழே பிடித்து மரமேசையிலோ றப்பர் செருப்பிலோ குத்துவார்கள். பற்றரி கொஞ்சம் வீங்கி இலேசாகப் பிடித்திருந்தால் நாலு தட்டில் இறங்கிவிடும். உப்புப் பிடித்த கூடு இதற்கு மசியாது. பத்துத் தரம் தட்டியும் அசையவில்லையென்றால் விட்டுவிட வேண்டும். அதற்குமேல் தட்டினால் முன்னாலுள்ள சர்க்கிட் பலகையின் பற்றவைப்புத்தான் விடும்.

மாமா சொன்ன குறட்டு வழி அடுத்தது. கூர்மூக்குக் குறட்டால் கூட்டின் விளிம்பைப் பிடித்து இழுப்பது. இதில் இருக்கும் வில்லங்கம், பிளாஸ்டிக் விளிம்பு மிக மெல்லியது. கூடு வெளியே வராமல் விளிம்பு மட்டும் துண்டு துண்டாகக் கையில் வரும். பிடிக்க இடமே இல்லாமல் போன பிறகு கூட்டின் நடுவில் ஒரு சின்னத் திருகாணியை ஒரு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு முறுக்கி, ஆணியின் தலையைக் குறட்டால் பிடித்து இழுக்கலாம். மூன்று பற்றரிகளுக்கும் நடுவில் சின்ன வெற்றிடம் இருப்பதால் மெல்லிய ஆணியை நேராக இறக்கினால் பற்றரியில் படாமல் தப்பலாம். சாய்ந்தால் படும், காரம் பீறிடும். ஆகவே கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இதைத் தொட வேண்டாம். இழுப்பதற்கு முன் ஆணியைப் பிடித்துக் கூட்டை இடமும் வலமும் மெல்லத் திருப்பிப் பாருங்கள். உப்புப் பிடிப்பு நேர் இழுவையைவிடத் திருகலுக்குச் சீக்கிரம் உடையும்.

இழுப்பதோடு ஒப்பிட்டால் தள்ளுவது பல மடங்கு நல்லது. இதை ஏன் யாரும் முதலில் யோசிப்பதில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பெரும்பாலான அலுமினிய டோர்ச்சுகளில் தலைப்பகுதி முறுக்கிக் கழற்றக்கூடியது. சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றிப் பிடித்தால் கை வழுக்காது. தலை வந்ததும் உள்ளே எல்இடி பூட்டிய உலோகக் குப்பி தெரியும். அதில் எதிரெதிராக இரண்டு வெட்டுகள் இருந்தால் கூர்மூக்குக் குறட்டின் இரண்டு நுனியையும் அதில் வைத்துத் திருப்ப, குப்பி ஸ்பிரிங்கோடு சேர்ந்து முன்னால் வந்துவிடும். இப்போது குழாய் இரண்டு பக்கமும் திறந்த வெறும் குழாய். விளக்குமாற்றுத் தடியையோ, குழாயின் வாய்க்குக் கொஞ்சம் சின்னதான மரக்கட்டையையோ உள்ளே விட்டு, கூட்டின் முழு முகத்திலும் படும்படி வைத்து, நிலத்தில் ஊன்றி உடம்புப் பாரத்தால் அழுத்தலாம். விளிம்பு உடையாது, பற்றரியில் ஓட்டை விழாது.

இன்னொன்று, முன்பக்கத்தைத் திறந்தால் மற்ற வழிகளும் பாதுகாப்பாகிவிடும். தலை பூட்டியிருக்கையில் பின்பக்கத்தால் வினாகிரி ஊற்றினால் அது நேரே போய் நிற்பது சர்க்கிட் பலகையில்தான். குழாய் வெறும் குழாயான பிறகு எதை ஊற்றினாலும் கெடுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. அதனால்தான் எந்த வழியில் போனாலும் முதல் வேலை தலையைக் கழற்றுவது என்கிறேன்.

கரைப்பதற்கு வீடுகளில் மூன்று பேர் மூன்று பொருள் சொல்வார்கள்: மண்ணெண்ணெய், டபிள்யூடி-40, வினாகிரி. துருப் பிடித்த போல்ட்டுக்கு எண்ணெய் வகைகள் சரி. இங்கே பிடித்திருப்பது உப்பு, அது எண்ணெயில் கரையாது. கரைந்த பிறகு வழுக்கிவிட எண்ணெய் உதவும், அவ்வளவுதான். வினாகிரி அப்படியல்ல. அல்கலைன் உப்பில் பட்டதும் நுரைத்துக்கொண்டு கரைக்கும். தேசிக்காய்ச் சாறும் அதே வேலையைச் செய்யும், பிசுபிசுப்பைப் பிறகு கழுவ வேண்டும். சிரிஞ்சால் சுவரோரம் சொட்டுச் சொட்டாக விட்டு இருபது நிமிடம் வைத்து, நுரை அடங்கியதும் ஊற்றிவிட்டுத் திரும்பவும் விட வேண்டும். இரவு முழுக்க ஊறப்போடாதீர்கள், வினாகிரி அலுமினியத்தையும் மெல்ல அரிக்கும். எனக்கு மாமாவின் டோர்ச்சில் மூன்று தடவை விட வேண்டியிருந்தது.

சூடா குளிரா என்ற கேள்வியில்தான் நான் முதலில் பிழைவிட்டேன். சூடு காட்டினால் குழாய் விரியும், கூடு கழலும் என்று நினைத்துச் சுடுதண்ணீரில் போட்டேன், இன்னும் இறுகியது. காரணம் பிறகு விளங்கியது. கூடு செய்கிற பிளாஸ்டிக் அலுமினியத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விரியும், சுருங்கும். முழு டோர்ச்சும் சூடானால் கூடுதான் அதிகம் பருக்கும். குளிர வைத்தால் எதிர்மாறாக நடக்கும். 22 மில்லிமீற்றர் அகலக் கூட்டை நமது 30 பாகை வெயிலிலிருந்து ஃபிரீசரின் மைனஸ் 18 பாகைக்குக் கொண்டுபோனால் ஏறத்தாழ 0.05 மில்லிமீற்றர் இடைவெளி கிடைக்கும். ஒரு தலைமயிரின் தடிப்பு. தள்ளும்போது அந்த மயிரளவு பெரிய உதவி.

ஆனால் இறுக்கம் பிளாஸ்டிக்கில் இல்லாமல், வீங்கிய பற்றரியின் இரும்பு உடம்பு நேரே அலுமினியத்தில் முட்டி நின்றால் கணக்கு மாறும். இரும்பு அலுமினியத்தைவிடக் குறைவாக விரிவது. அங்கே இளஞ்சூடுதான் உதவும். கன்னியா வெந்நீர் ஊற்றில் குளிக்கிறோமே, அந்தளவு கை தாங்கும் சூடு போதும். கொதிநீர், லைட்டர் நெருப்பு, அடுப்பு எதுவும் கூடாது, கசிந்த பற்றரி வெடித்துக் காரம் முகத்தில் தெறிக்கலாம். குளிருக்கும் இரண்டு நிபந்தனை உண்டு. டோர்ச்சை இரண்டு பொலித்தீன் பைக்குள் சுற்றித்தான் சாப்பாட்டுச் சாமான் இருக்கும் ஃபிரீசருக்குள் வைக்க வேண்டும். வினாகிரியோ தண்ணீரோ விட்டிருந்தால் முதலில் நன்றாகக் காயவிட வேண்டும். இடுக்கில் நிற்கும் தண்ணீர் பனிக்கட்டியானால் ஏறத்தாழ ஒன்பது சதவீதம் பெருக்கும், கூட்டை முன்னையதைவிட இறுக்கிப் பிடிக்கும்.

லிதியம் பற்றரி போட்ட டோர்ச்சுக்கு மேலே சொன்னதில் பாதிக்கு மேல் பொருந்தாது. கூட்டுக்குப் பதிலாக 18650 என்ற தடித்த பற்றரியையும் போடலாம் என்ற வகை இப்போது நிறைய வருகிறது. அது உள்ளே மாட்டிக்கொண்டால் ஆணி, சூடு, சுத்தியல் மூன்றையும் மறந்துவிடுங்கள், துளைபட்டால் தீப்பிடிக்கும். தலையைக் கழற்றிக் கையால் மெல்லத் தள்ளுவது மட்டும்தான். வரவில்லையென்றால் டோர்ச்சே போகட்டும்.

மாமாவின் டோர்ச் எப்படி வந்தது என்றால், தலையைக் கழற்றி, மூன்று தடவை வினாகிரி விட்டு, கழுவி ஒரு பகல் வெயிலில் காயவைத்து, இரண்டு மணித்தியாலம் ஃபிரீசரில் வைத்து, எடுத்த கையோடு விளக்குமாற்றுத் தடியால் அழுத்தினேன். கடக் என்ற சத்தத்தோடு கூடு பாதி இறங்கியது, மீதியைக் கையாலேயே உருவினேன். இரண்டாவது டோர்ச் தட்டியதிலேயே வந்துவிட்டது. மூன்றாவது டோர்ச்சின் தலை பசை போட்டு ஒட்டியிருந்ததால் திருகாணி வழிக்குப் போக வேண்டி வந்தது. கூடு வந்தது, ஆனால் உடைந்து வந்தது, குழாயின் உட்சுவரும் புள்ளி புள்ளியாகக் குழிந்திருந்தது. அதைத் திருத்த நான் மினக்கெடவில்லை.

கண்ணில் காரம் பட்டால் தேய்க்காமல் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எடுத்த பற்றரியை அடுப்பில் போட வேண்டாம், பொலித்தீனில் கட்டித் தனியே வையுங்கள்.

டோர்ச்சைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது புதிய கூட்டை உள்ளே போடாமல், பற்றரிகளோடு சேர்த்து ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்துக் கொடுத்தேன். "தேவைப்படேக்க மட்டும் போடுங்க மாமா" என்றேன். அவர் தகரத்தைச் சாமியறை மாடத்தில், தீப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.