குளத்துக்கு சோலார் செட் வாங்கப் போகிறீர்களா? தராசும் அளவு டேப்பும் எடுத்துக்கொள்ளுங்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் திலாப்பியா குளம் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. 400 வாட் பேனல், 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) ஜெல் பேட்டரி, எம்பிபிடி கண்ட்ரோலர் (பேனலின் முழுத் திறனையும் பிடித்துப் பேட்டரியில் ஏற்றும் பெட்டி), குளத்துத் தண்ணீரில் காற்று ஊதும் 60 வாட் மோட்டார், மொத்தம் 3,800 ரிங்கிட், பாதி முன்பணம் என்று ஒருவர் தோட்டம் தோட்டமாக வந்து விற்றுக்கொண்டிருக்கிறார். அப்படி வாங்கிய செட்டைக் கழற்றி, நிறுத்து, அளந்து பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறோம். மோட்டார் ஒன்றுதான் ஒழுங்கு. மற்றதெல்லாம் ஸ்டிக்கர்.

பேனலில் ஆரம்பிப்போம். நல்ல உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் விழுகிறது. நல்ல பேனலே அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் கரண்டாக்கும். அப்படியானால் 400 வாட் பேனல் ஏறக்குறைய 2 சதுர மீட்டர் இருக்கும், கதவுப் பலகை மாதிரி, கனமும் 20 கிலோவை ஒட்டி வரும். வந்து இறங்கியதோ 1.2 மீட்டர் நீளம், 55 சென்டிமீட்டர் அகலம். இதில் 130 வாட் வந்தாலே பெரிது. நடுப்பகலில் கண்ட்ரோலரிலிருந்து கழற்றி, இரண்டு ஒயரையும் ஒன்றாகச் சேர்த்து டிசி கிளாம்ப் மீட்டர் (ஒயரைக் கவ்வி கரண்டை அளக்கும் கருவி) வைத்தால் 6.9 ஆம்பியர். ஸ்டிக்கரில் 22. (இந்தச் சோதனைக்கு முன் பேனலைக் கோணிச்சாக்கால் மூடிவிட்டு ஒயரைக் கழற்றுங்கள், மாட்டுங்கள். வெயிலில் அப்படியே பிடுங்கினால் தீப்பொறி பறக்கும்.)

பேட்டரியைக் கையில் தூக்கியதுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும். 12 வோல்ட் 100 ஏஎச் ஈய பேட்டரி ஏறக்குறைய 28 கிலோ இருக்கும். இது 13 கிலோ. 40 ஏஎச் பேட்டரியின் கனம். லித்தியம் பேட்டரி 11, 12 கிலோவில் வரும், அது வேறு விஷயம். ஆனால் இதன் மேல் 'ஜெல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, ஜெல் ஈய வகைதான்.

கண்ட்ரோலர் பச்சைப் பெட்டி, 'எம்பிபிடி 30 ஆம்பியர்'. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது பேனல் முனையில் வோல்ட் பாருங்கள். நிஜ எம்பிபிடி என்றால் பேனல் 17, 18 வோல்ட்டில் நிற்கும், பேட்டரி 13இல் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே 13 காட்டினால் அது சாதா பிடபிள்யூஎம், பேனலைப் பேட்டரி வோல்ட்டுக்கே இழுத்துவிடும் மலிவு வகை. இங்கே இரண்டும் 13.1. மூடியைத் திறந்தால், எம்பிபிடிக்குத் தேவையான செப்புக் கம்பிச் சுருளே இல்லை.

இப்போது கணக்கு. 60 வாட் மோட்டார் இரவு 12 மணி நேரம் ஓட 720 வாட்-மணி வேண்டும். இந்தப் பேனல் இந்தக் கண்ட்ரோலரோடு 90 வாட்டுக்கு மேல் தராது (6.9 ஆம்பியர், 13.1 வோல்ட்). நம் ஊரில் நல்ல வெயில் ஒரு நாளைக்கு 4 மணி நேரம் என்று வைத்தால் 360. அதனால்தான் முதல் சில நாள் விடிகாலை 3 மணி வரை ஓடிய மோட்டார், பிறகு நடு இரவிலேயே நின்றது. குளத்தில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்குவது விடிவதற்குச் சற்று முன்னால். பச்சைத் தண்ணீர்க் குளமாக இருந்தால் இரவில் பாசியும் சேர்ந்து ஆக்சிஜனை உறிஞ்சும். மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிற அந்த நேரத்தில் பேட்டரி காலி.

விற்பவர் சொல்லாத இன்னொன்று: நாள் முழுக்க வானம் மேகமூட்டமாக இருந்தால் பேட்டரியும் நிறையாது, பாசியும் போதிய ஆக்சிஜன் விடாது. காற்று அதிகம் தேவைப்படுகிற இரவும் கரண்டு குறைகிற இரவும் ஒன்றேதான். ஆகவே இரண்டு இரவுக்குக் கணக்குப் போடுங்கள். 12.8 வோல்ட் 150 ஏஎச் லித்தியம், இல்லாவிட்டால் 240 ஏஎச் ஈய பேட்டரி. ஈயத்தில் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். பேனல் நிஜமான 400 வாட். இது கட்டுப்படியாகாது என்றால் டைமர் போட்டு இரவு 12 முதல் காலை 7 வரை மட்டும் ஓட்டுங்கள். தேவை 420 வாட்-மணியாகக் குறையும்.

கெலி (கெளுத்தி வகை மீன்) வளர்ப்பவர்களிடமும் இதே செட்டை விற்றிருக்கிறார்கள். கெலி மேலே வந்து காற்றை நேரடியாக இழுக்கும் மீன், அதற்கு இவ்வளவு செலவே தேவையில்லை!

ஒயரையும் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். எங்களுக்கு வந்ததில் மேலே செப்பு நிறம், உள்ளே வெள்ளை, அலுமினியம். சுத்தச் செம்பே 1.5 எம்எம் (சதுர மில்லிமீட்டர்) என்றால் 10 மீட்டர் தூரத்தில் 5 ஆம்பியருக்கு 1.2 வோல்ட் போய்விடும். 6 எம்எம் போட்டால் 0.3 தான். பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸும் வைக்கவில்லை. பேனலைச் செம்பனை ஓரத்தில் நட்டிருந்தார்கள். ஒரு மட்டையின் நிழல் குறுக்கே விழுந்தாலே உற்பத்தி படுத்துவிடும்.

"அண்ணே, இது என்இஎம் திட்டம், கவர்மெண்ட் பாதி குடுத்துரும்" என்று விற்பவர் சொல்வது சுத்தப் பொய். என்இஎம், டிஎன்பி (மின்வாரியம்) மீட்டரோடு இணைத்த கூரை சோலாருக்கு இருந்த திட்டம், 2025இல் புதிய விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டது. மீட்டரே இல்லாத குளக்கரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ரசீதில் இருந்தது ஒரு கைப்பேசி எண் மட்டும். நிறுவனப் பெயர், எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவு எண், முகவரி, பேனல் பேட்டரி சீரியல் எண் எழுதித் தராதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரை கோரலாம், 3 ஆண்டுக்குள். ஆனால் எதிராளியின் முகவரி இல்லாமல் மனு நகராது. முழுக்க வியாபாரத்துக்கு வாங்கியது என்றால் தீர்ப்பாயம் ஏற்காமல் போகலாம், அப்போது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவைப் பாருங்கள்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிவிட்டவர்கள் இப்போதைக்கு மோட்டாரைப் பின்னிரவு 2 மணிக்கு ஆரம்பிக்கும்படி வையுங்கள். 7 வரை தாங்கும். நாள் முழுக்க வெயிலே வராவிட்டால் அன்று மாலைத் தீவனத்தை நிறுத்திவிடுங்கள்.