குன்னூரில் பழைய வீட்டுக்குச் சுண்ணாம்புப் பூச்சு: கொத்தனார் குழுவின் பணி பற்றிய மதிப்பீடு

எங்கள் வீட்டின் வெளிச்சுவர்களில் முந்தைய உரிமையாளர் பூசியிருந்த சிமென்ட்டை அகற்றி, மீண்டும் சுண்ணாம்புக் காரை பூசும் பொறுப்பை உள்ளூர்க் கொத்தனார் குழுவொன்றிடம் ஒப்படைத்திருந்தோம். தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் தாங்கவேண்டிய இம்மலையில், சுவருக்குள் இறங்கும் ஈரத்தைச் சுண்ணாம்பு மெல்ல வெளியேற்றிவிடும். சிமென்ட்டோ அதனை உள்ளேயே தேக்கி, பூச்சை உப்பச் செய்து, செங்கல்லையும் அரித்துவிடும்.

குழுவினர் இயந்திரத்தைத் தொடாமல் உளியாலேயே சிமென்ட்டைப் பெயர்த்தனர். நீற்றிய சுண்ணாம்பை நன்கு ஊறவைத்து, சலித்த மணலோடு கடுக்காய், வெல்லம் ஊறிய நீரைச் சேர்த்துக் குழைத்து, மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஈரச் சாக்குகளால் மூடிவைத்த பொறுமை பாராட்டத்தக்கது. சன்னல்களுக்கு மேலுள்ள மர வேலைப்பாட்டில் உளுத்த பகுதிகளை மட்டுமே மாற்றினர்.

குறையும் உண்டு. கூரையிலிருந்து மழைநீரை வடிக்கும் தகரக் கால்வாயைச் சரிசெய்யாமலே சுவரைப் பூசத் தொடங்கினர். இறுதியில் பிளாஸ்டிக் எமல்ஷன் வண்ணம் அடிக்குமாறும் வற்புறுத்தினர், அது பூச்சின் துளைகளை அடைத்து அத்தனை உழைப்பையும் வீணாக்கியிருக்கும். நாங்கள் வெள்ளையடிப்பதோடு நிறுத்திக்கொண்டோம். கூலி சிமென்ட் வேலையைவிடக் கணிசமாக அதிகம், காலமும் கூடுதல். மழைக்கு முன் முடிக்க விரும்புவோர் பிப்ரவரியிலேயே தொடங்குவது நல்லது.