பிஆர் எடுத்துத் தாற ஏஜென்சி பக்கேஜ்: எதுக்குக் காசு குடுக்கலாம், எதுக்குக் குடுக்கத் தேவையில்ல

கொழும்புல சின்னதா ஒரு தொழில் தொடங்கப் போறம் எண்டு ஃபோன்ல ஒருக்கா தேடினாப் போதும், அடுத்த நிமிஷமே "பிஆர், கம்பனி, டின், ட்ரேட்மார்க், எல்லாம் ஒரே இடத்துல முடிச்சுத் தாறம்" எண்டு விளம்பரம் வரத் தொடங்கிடும். பிஆர் எண்டா வியாபாரப் பேர் பதிவு, டின் எண்டா வரி கட்டுற ஆளின்ட இலக்கம், ட்ரேட்மார்க் எண்டா வியாபாரக் குறி. எங்கட வீட்டுப் பக்கம் ரெண்டு பேர் அடுத்தடுத்து தொழில் தொடங்கினாங்க. தங்கச்சி வெள்ளவத்தையில சின்னக் கடை ஒண்டு எடுத்து மிளகாய்த்தூள், கறித்தூள், ஒடியல் மா எண்டு பக்கட் போட்டு விக்கிறா, மச்சான் கூட்டாளி ஒராளோட சேர்ந்து சொஃப்ட்வெயார் கம்பனி தொடங்கினார். ரெண்டு பேருக்கும் பேப்பர் வேலைக்குக் கூட நிண்டது நான்தான், அதனால ஏஜென்சிக்காரரும் பார்த்தாச்சு, கவுண்டர்ல லைன்லயும் நிண்டாச்சு. தொடங்கப் போற ஆக்களுக்கு உதவட்டும் எண்டு விரிவாவே எழுதுறன்.

முதல்ல ஏஜென்சி. பேர் போட இல்ல, ஏனெண்டா இவங்க மட்டும் இல்ல, விசாரிச்ச மற்ற இடங்கள்லயும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஒபிஸ் நல்ல ஒபிஸ், ஏசி, மரியாதையா கதைக்கிறாங்க, தமிழ்லயே எல்லாம் விளங்கப்படுத்துறாங்க, அதுக்கு முழு மார்க் குடுக்கலாம். ஆனா தங்கச்சி "நான் தூள் விக்கப் போறன்" எண்டு சொன்ன உடனேயே "அப்ப பிரைவேட் லிமிடெட் போடுவம், அதுதான் மதிப்பு" எண்டு தொடங்கினாங்க. விற்பனை எவ்வளவு வரும், ஆர் வாங்குவினம், கூட ஆள் வேலைக்கு வைக்கிறீங்களா, கடன் எடுக்கிற யோசனை இருக்கா எண்டு ஒரு கேள்வியும் இல்ல. அதோட "வற் நம்பரும் எடுத்துத் தாறம்" எண்டு, விற்பனை விலையோட சேர்த்து அறவிடுற வற் வரிப் பதிவையும் சேர்த்து ஒரு பக்கேஜ் விலை. எனக்கு அதுதான் சரியா வந்து குத்தினது, ஏனெண்டா தப்பான வடிவத்துல தொடங்கினா வருஷா வருஷம் காசு போகும், பிறகு மாத்துறதும் லேசில்ல.

ஏன் எண்டு கணக்காவே சொல்றன். தனி ஆளா வியாபாரப் பேர் பதிஞ்சு செய்தா லாபம் உங்கட சொந்த வருமானமாத்தான் கணக்கு. 2025 ஏப்ரல்ல தொடங்கின வரி வருஷத்துல இருந்து வருஷத்துக்கு 18 லட்சம் வரைக்கும் வரி இல்ல, அதுக்கு மேல முதல் 10 லட்சத்துக்கு 6 வீதம், அதுக்குப் பிறகு 18, 24, 30 எண்டு ஏறிக் கடைசியா 36 வீதம். தங்கச்சிக்கு வருஷம் 24 லட்சம் லாபம் வந்துது எண்டு வைப்பம், வேற வருமானம் ஒண்டும் இல்ல, அப்ப வரி 6 லட்சத்துக்கு 6 வீதம், 36,000 ரூபா, அவ்வளவுதான். அதே 24 லட்சம் கம்பனி லாபமா நிண்டா கம்பனி வரி பொதுவா 30 வீதம், 7 லட்சத்து 20 ஆயிரம், அதுக்குப் பிறகு மிச்சத்தை டிவிடெண்டா, அதாவது பங்குதாரரின்ட லாபப் பங்கா எடுத்தா அதுலயும் 15 வீதம். டிரெக்டர் சம்பளம் எண்டு எடுத்துக் குறைக்கலாம், அது உண்மை, ஆனா அதைச் சரியா செய்ய மாசாமாசம் கணக்குப் பார்க்க ஆள் வேணும், அந்த ஆளுக்கும் காசு. வீட்டுச் சமையலறையில இருந்து இப்பத்தான் கடைக்கு வாற பிள்ளைக்கு இதை ஆராவது சொல்ல வேணாமா?

வற் கதையும் அப்பிடித்தான். 2024 ஜனவரியில வற் 18 வீதமாச்சு, அதே நேரம் பதிய வேண்டிய எல்லையை வருஷத்துக்கு 80 மில்லியன்ல இருந்து 60 மில்லியன், இல்லாட்டி மூண்டு மாசத்துக்கு 15 மில்லியன் எண்டு குறைச்சாங்க. எஸ்எஸ்சிஎல் எண்ட சமூகப் பாதுகாப்பு வரி 2.5 வீதம், அதுக்கும் இதே எல்லை. 2026க்கான பட்ஜெட்ல இந்த எல்லையை 36 மில்லியனுக்குக் கொண்டு வாற யோசனையும் சொன்னாங்க, அதனால விற்பனை கோடிக் கணக்குல போறவங்க பதிய முதல் நடைமுறையில இருக்கிற எல்லையைக் கேட்டுப் பாருங்க. ஆனா மாசம் சில லட்சம் விக்கிற கடைக்கு இது எதுவும் கிட்டவும் வராது. கடைக்கு வாற அக்காமார் வற் பில்லை வைச்சு எதையும் கழிக்கப் போறதில்ல, விலை 18 வீதம் கூடினா அடுத்த கடைக்குப் போயிடுவாங்க. பெரிய கம்பனிகளுக்கு சேர்விஸ் குடுக்கிற ஆக்கள் எண்டா வற் இன்வொய்ஸ் கேப்பாங்க, அது வேற விஷயம்.

அதனால தங்கச்சிக்கு பிரதேச செயலகத்துலயே பதிஞ்சம், ஏஜென்சி இல்லாம. இது 1918ஆம் ஆண்டு வியாபாரப் பெயர் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ வாற பதிவு, இப்பவும் அதே அடிப்படைதான். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, நாரஹேன்பிட்டிப் பக்கம் எல்லாம் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம், கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, ஜிந்துப்பிட்டி எண்டா கொழும்பு பிரதேச செயலகம். நீங்க எங்க இருக்கிறீங்க எண்டது இல்ல, கடை எங்க இருக்கு எண்டதுதான் கணக்கு, இதைக் கனபேர் மாறி விளங்கிக்கொண்டு வேற ஒபிஸ்ல போய் நிக்கிறதைப் பார்த்தன். அடையாள அட்டை கொப்பி, கடை உறுதி இல்லாட்டி லீஸ் எக்ரிமெண்ட், விண்ணப்பம், ஜிஎஸ் எண்ட கிராம சேவகரிட்ட உறுதிப்படுத்தல். ஜிஎஸ் எல்லா நாளும் ஒபிஸ்ல இருக்க மாட்டார், எந்த நாள் எண்டு ஃபோன்ல கேட்டுட்டுப் போங்க. சாப்பாட்டுச் சாமான் எண்டா பிஎச்ஐ எண்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகரின்ட ரிப்போர்ட்டும் கேப்பாங்க, அதனால கடையைத் துப்புரவா ஒழுங்குபடுத்தின பிறகு பிஎச்ஐ ஐயாவைக் கூப்பிடுறதுதான் நல்லம். கவுண்டர்ல இருந்த அம்மா பொறுமையா ஒவ்வொரு பேப்பரா பார்த்து, லீஸ்ல இருந்த விலாசமும் விண்ணப்பத்துல இருந்த விலாசமும் ஒரே மாதிரி இல்ல, ஒழுங்கை இலக்கம் விடுபட்டிருக்கு எண்டு அங்கயே காட்டித் தந்தா, அந்தக் கவனத்துக்கு நான் நன்றி சொல்லியே ஆகோணும். அரசாங்கக் கட்டணம் ஏஜென்சி கேட்டதோட பார்க்கேக்க ஒரு சின்னத் துண்டுதான். ரெண்டு பேர் சேர்ந்து பங்காளியா செய்தாலும் இதே இடம்தான், ஆனா பங்கு எவ்வளவு, ஒராள் விலகினா என்ன எண்டு ஒரு உடன்படிக்கை எழுதி வைச்சுக்கொண்டு போங்க, சொந்தக்காரர் எண்டாலும் எழுதுங்க, சொந்தக்காரர் எண்டாக் கட்டாயம் எழுதுங்க.

மச்சானுக்கு இந்த வழி சரிவராது. வெளிநாட்டு வாடிக்கையாளர், பங்கு குடுத்து ஆக்களைச் சேர்க்கிற யோசனை, கடன் வந்தாச் சொந்த வீடு வளவுக்கு வரக்கூடாது எண்ட பயம், இதெல்லாம் இருக்கேக்க 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்துல பிரைவேட் லிமிடெட் போடுறதுதான் முறை. அந்தச் சட்டத்துல ஒராளே பங்குதாரரா இருந்தும் கம்பனி போடலாம், ஆகக் கூடினது 50 பேர். கம்பனிப் பதிவாளர் திணைக்களம் கொழும்பு 10ல டி.ஆர். விஜேவர்தன மாவத்தை சமாகம் மெதுரவில இருக்கு, ஆனா இப்ப வேலை எல்லாம் ஈ-ஆர்ஓசி எண்ட ஒன்லைன் சிஸ்டத்துலதான். முதல் பேர் தேடி ஒதுக்கோணும், "ஸ்ரீ லங்கா", "நேஷனல்" மாதிரி சொல் இருந்தா விசேஷ அனுமதி இல்லாமத் தர மாட்டாங்க. பிறகு பதிவு விண்ணப்பம் ஃபோர்ம் 1, டிரெக்டர்மாரின்ட சம்மதம் ஃபோர்ம் 18, செக்ரட்டரியின்ட சம்மதம் ஃபோர்ம் 19, கம்பனி நடத்துற விதிகள் எண்ட ஆர்ட்டிகிள்ஸ். ஈ-ஆர்ஓசி எனக்குப் பிடிச்சிருக்கு, எந்தப் பேப்பர் எந்த நிலையில நிக்குது எண்டு வீட்டுல இருந்தே தெரியும், திருத்தம் வேணும் எண்டாலும் என்ன திருத்தம் எண்டு எழுதி அனுப்பிறாங்க.

இங்கதான் ஏஜென்சிக்குக் காசு குடுக்கிறதுல நியாயம் இருக்கு, ஏனெண்டா கம்பனி எண்டா ஒரு செக்ரட்டரி இருந்தே ஆகோணும், அது சட்டம், அந்த வேலையைத்தான் ஏஜென்சி எடுக்குது. ஆனா முதல்ல போன அதே ஏஜென்சியில மச்சானுக்கு நடந்தது என்னெண்டா, சேர்ட்டிஃபிகேட்டை அழகான ஃபைல்ல போட்டுக் குடுத்து ஃபோட்டோவும் எடுத்துப் போட்டாங்க, அதோட சரி. கம்பனி பதிஞ்சு 30 வேலை நாளுக்குள்ள பகிரங்க அறிவித்தல் குடுக்கோணும் எண்டதை அவங்க சொல்லவே இல்ல. கேட்ட பிறகு "அது பக்கேஜ்ல இல்ல, தனி" எண்டாங்க. வருஷா வருஷம் கம்பனி விபரம் குடுக்கிற ஃபோர்ம் 15 போடோணும், அதுவும் தனி. டிரெக்டர் விலாசம் மாறினாலும் அறிவிக்கோணும், அதுவும் தனி. ஃபோன் எடுத்தா எடுக்கிறதும் குறைஞ்சு போச்சு. பேப்பரை முடிச்சுத் தாறது லேசான வேலை, பேப்பர் கைக்கு வந்த அடுத்த நாள்ல இருந்து தொடங்குறதுதான் உண்மையான வேலை, அதுல நிக்காத ஆளுக்கு செக்ரட்டரி எண்ட பேர் எதுக்கு? ரெண்டு நட்சத்திரம், அதுவும் ஒபிஸ்ல இருந்த பிள்ளையள் நல்ல மாதிரிக் கதைச்சதுக்காக.

இப்ப மச்சான் பம்பலப்பிட்டியில சின்ன ஒபிஸ் ஒண்டு வைச்சிருக்கிற கணக்காளர் ஒராளிட்ட மாறிட்டார். அவர் முதல் நாளே ஒரு தாளில வருஷத்துக்கு வர வேண்டிய திகதி எல்லாம் எழுதித் தந்தார். வரி வருஷம் ஏப்ரல் 1ல இருந்து மார்ச் 31 வரைக்கும், காலாண்டு வரி ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15, மிச்சம் இருந்தா செப்டெம்பர் 30க்குள்ள, வருமான விபரம் குடுக்கிற ரிட்டர்ன் நவம்பர் 30. இது தனி ஆளுக்கும் பொருந்தும் எண்டதால தங்கச்சியும் அதைக் கொப்பி அடிச்சுக் கடைச் சுவத்துல ஒட்டி வைச்சிருக்கிறா. முதல் பிள்ளையை வேலைக்கு எடுத்த உடனேயே ஈபிஎஃப் எண்ட ஊழியர் சேமலாப நிதி, ஈடிஎஃப் எண்ட ஊழியர் நம்பிக்கை நிதி ரெண்டுக்கும் பதியச் சொன்னவரும் அவர்தான். ஈபிஎஃப்புக்கு வேலை செய்யிற ஆளின்ட சம்பளத்துல 8 வீதம், முதலாளி மேலதிகமா 12 வீதம், ஈடிஎஃப் 3 வீதம் முழுக்க முதலாளி. ஒராள் வைச்சிருந்தாலும் கட்டோணும், "சின்னக் கடைதானே" எண்டு சொல்லித் தள்ளிப் போடுறது அந்தப் பிள்ளையின்ட வயசான காலத்துக் காசு எண்டதை மறக்க வேணாம். அவருக்கு அஞ்சு நட்சத்திரம், கட்டணம் குறைவு எண்டதால இல்ல, கேக்காமலே சொன்னார் எண்டதுக்காக.

டின் நம்பருக்கு ஆரும் காசு குடுக்காதீங்க. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின்ட இணையத்துல நீங்களே பதியலாம், விளங்காட்டி 1944க்கு எடுத்துக் கேக்கலாம், இல்லாட்டி கொழும்பு 2ல இருக்கிற தலைமை ஒபிஸுக்குப் போகலாம். 2024ல இருந்து 18 வயசு தாண்டின எல்லாரும் டின் எடுக்கோணும் எண்டு வந்ததால கனபேரிட்ட ஏற்கனவே இருக்கு. தனி வியாபாரம் எண்டா அந்த நம்பரோடயே வியாபார விபரத்தைச் சேர்க்கிறது, கம்பனிக்குத்தான் வேற நம்பர். டின் எடுத்தா வரி கட்டியே ஆகோணும் எண்டு பயந்து எடுக்காம இருக்கிற ஆக்கள் இன்னும் இருக்கினம், எல்லைக்குக் கீழ வருமானம் எண்டாக் கட்ட ஒண்டும் இல்ல, பயப்பட வேணாம்.

பிஆர் வந்துட்டுது எண்டு கடையைத் திறந்து விடவும் ஏலாது. சாப்பாடு சம்பந்தப்பட்ட கடைக்கு மாநகர சபையின்ட ட்ரேட் லைசன்ஸ் வேணும், அது அந்த வருஷம் டிசம்பர் 31 வரைக்கும்தான், அதனால நவம்பர்ல எடுத்தா உடனேயே புதுப்பிக்க வேண்டி வரும், ஏலுமெண்டா ஜனவரியில எடுக்கிற மாதிரிப் பாருங்க. பக்கட்டுக்கு லேபிள் அடிக்க முதல் 1980ஆம் ஆண்டு உணவுச் சட்டத்துக்குக் கீழ வாற லேபிள் விதியைப் பிஎச்ஐயிட்டக் கேளுங்க, பேர், சேர்மானம், நிறை, செய்த திகதி, முடிவுத் திகதி, செய்தவரின்ட விலாசம், விலை எல்லாம் வேணும். தங்கச்சிக்கு அறிஞ்ச ஒராள் ஆயிரக் கணக்குல அச்சடிச்ச பிறகு சேர்மானம் இல்ல எண்டு திரும்ப அடிச்சவ.

இன்னொரு விஷயம், ஏஜென்சிக்காரர் "பிஆர் எடுத்தாச்சு, இனி இந்தப் பேர் உங்களுக்கு மட்டும்தான்" எண்டு சொன்னா நம்பாதீங்க. பேர் பதிவு வேற, ட்ரேட்மார்க் வேற. ட்ரேட்மார்க் 2003ஆம் ஆண்டு புலமைச் சொத்துச் சட்டத்துக்குக் கீழ, அந்த ஒபிஸும் சமாகம் மெதுரவிலதான் இருக்கு, கிடைச்சா 10 வருஷத்துக்கு, பிறகு புதுப்பிக்கலாம். தங்கச்சி லோகோவோட விண்ணப்பிச்சிருக்கிறா, அந்த வேலைக்கு மட்டும் ஒரு சட்டத்தரணியிட்டக் காசு குடுத்தம், எந்தப் பொருள் வகுப்புல போடுறது எண்டது தெரிஞ்ச ஆள் பார்க்க வேண்டிய விஷயம், அது குடுக்கத் தகுந்த காசு.

ஏஜென்சிக்குப் போறதெண்டே முடிவெடுத்தா, காசு கட்ட முதல் பகிரங்க அறிவித்தல், ஃபோர்ம் 15, முதல் வருஷ ரிட்டர்ன், செக்ரட்டரி கட்டணம், இந்த நாலும் அந்த விலைக்குள்ள இருக்கா எண்டு எழுத்துல கேளுங்க. ஈ-ஆர்ஓசி கணக்கு உங்கட ஈமெயில்லதான் திறக்கப்படோணும், டின் கணக்குக்குள்ள போற பின் நம்பரும் உங்கட கையில இருக்கோணும். ஏஜென்சி ஈமெயில்ல திறந்ததால செக்ரட்டரி மாத்தேக்க மச்சான் பட்ட பாடு கொஞ்ச நஞ்சம் இல்ல. திம்பிரிகஸ்யாய பக்கம் தனிப் பதிவுக்குப் போற ஆக்கள் கேள்வி இருந்தா கீழ போடுங்க, லீஸ் எக்ரிமெண்ட்ல என்ன என்ன இருக்கோணும் எண்டு பார்த்துச் சொல்றன்.