வெள்ளவத்தை டார்க் மேட்டர் கோர்ஸ்: காசு குடுத்துப் போகலாமா?

வெள்ளவத்தையில ஒரு ரியூசன் சென்டர்ல சனிக்கிழமை பின்னேரங்கள்ல கொலைடர் (துணிக்கைகள வேகமா மோதவிடுற இயந்திரம்), டார்க் மேட்டர் (ஈர்ப்பால மட்டும் தெரியவாற, கண்ணுக்குத் தெரியாத சடப்பொருள்), பிரபஞ்சத்தின்ட ஆரம்பம் எண்டு ஒரு ஷோர்ட் கோர்ஸ் நடக்குது. தமிழ் மீடியம், எக்ஸாம் கிக்ஸாம் ஒண்டும் இல்ல, ஆர்வத்துக்கு மட்டும்தான். சென்டர்ட பேர் போடேல்ல, கீழ கொஞ்சம் குறையும் சொல்லப்போறன். ஏஎல் பிசிக்ஸ் செய்த ஆக்கள் யோசிக்காம சேரலாம். யூடியூப்ல வாற மாதிரி கலர் கலரா கலக்சி பாக்கலாம் எண்டு போறவங்களுக்கு இது சரிவராது.

சேர் ஜெனீவாப் பக்கம் 27 கிலோமீற்றர் சுரங்கத்தில இருக்கிற எல்எச்சி கொலைடர், அதில 2012ல கண்டுபிடிச்ச ஹிக்ஸ் துணிக்கை எண்ட கதையெல்லாம் கால் மணித்தியாலத்தில முடிச்சிட்டு நேரா போர்டுக்குப் போயிட்டார். ரெண்டு புரோத்தன் நேருக்கு நேர் வருது, மோத முதல் பக்கவாட்டு உந்தம் பூச்சியம், அப்ப மோதின பிறகு வாற எல்லாத்தையும் கூட்டினாலும் பூச்சியம்தான் வரோணும், ஒரு பக்கம் பெரிய ஜெட் (துணிக்கைக் கத்தை) ஒண்டு பாயுது மற்றப் பக்கம் டிடெக்டர்ல ஒண்டுமே பதியேல்ல எண்டா பிடிபடாத ஏதோ ஒண்டு அந்தப் பக்கத்தால போயிருக்கு. அவ்வளவுதான், நாங்க ஏஎல்ல செய்த அதே உந்தக்காப்பு! ஏன் பக்கவாட்டு மட்டும் எண்டு ஒரு பிள்ளை கேட்டா, அதுக்கு சேர் புரோத்தனுக்குள்ள இருக்கிற குவார்க்கும் குளுவோனும் முன்னுக்குப் போற உந்தத்தில எவ்வளவ வச்சிருக்கு எண்டு ஒவ்வொரு மோதலுக்கும் முன்கூட்டியே தெரியாது, அதால நீளப்பக்கக் கணக்கு உதவாது எண்டார். நல்ல கேள்வி, நல்ல பதில்.

எனக்குப் பிடிச்சது அவர் ஆக்களை உசுப்பேத்தாதது. நியூத்திரீனோ எண்ட துணிக்கையும் டிடெக்டர்ல பிடிபடாது, இசட் போசோன் எண்ட பாரமான துணிக்கை ரெண்டு நியூத்திரீனோவா உடைஞ்சா அச்சொட்டா டார்க் மேட்டர் மாதிரியேதான் தெரியும், அதால இசட் மியூவோன் (எலெக்ட்ரோன் மாதிரியே, ஆனா பாரம் கூடின துணிக்கை) சோடியா உடையிறத எண்ணி அதில இருந்து நியூத்திரீனோக் கணக்கைப் பிடிச்சு அதுக்கு மேல ஏதும் மிஞ்சுதா எண்டு பாக்கிறாங்க. அட்லஸ், சிஎம்எஸ் எண்ட எல்எச்சிட ரெண்டு பெரிய டிடெக்டர்லயும் இதுவரை ஒண்டும் மிஞ்சேல்ல. மிஞ்சினாலும் டிடெக்டர விட்டு வெளிய போற வரைக்கும் உடையேல்ல எண்டு மட்டும்தான் சொல்லலாம், அது சில பத்து நனோசெக்கன் கதை, டார்க் மேட்டர் எண்டா 1380 கோடி வருசம் தாக்குப்பிடிச்சிருக்கோணும். அதால அமெரிக்காவில நிலத்துக்குக் கீழ திரவ செனன் தாங்கியோட காத்திருக்கிற எல்இசட் மாதிரி பரிசோதனைகளும் அதையே காணோணுமாம்.

பெஸ்ட் பகுதி லெப். இதே சுரங்கத்தில 1989ல தொடங்கின பழைய கொலைடர். அதில இசட் போசோன்ட அகலத்தை (அதின்ட திணிவு எவ்வளவு பரவித் தெரியுது எண்டத) அளந்து நியூத்திரீனோ மூண்டு வகைதான் எண்டு கண்டாங்க. இன்னொரு பக்கம், பிக் பேங்குக்குப் பிறகு முதல் சில நிமிசத்தில உருவான ஹீலியம் சாதாரண சடப்பொருள்ல திணிவுப்படி கிட்டத்தட்ட 25 சதவீதம், நாலாவது வகை ஒண்டு இருந்திருந்தா பிரபஞ்சம் இன்னும் வேகமா விரிஞ்சு ஹீலியம் கூடியிருக்கும். வானத்தைப் பாத்துப் போட்ட கணக்கும் சுரங்கத்துக்குள்ள போட்ட கணக்கும் ஒத்துப்போகுது. இதுக்கே குடுத்த காசு சரி.

வீட்டுவேலையும் கலாதி. எல்எச்சிய நடத்துற சேர்ன் ஆய்வுகூடத்தின்ட ஓபன் டேட்டா தளத்தில சிஎம்எஸ் மியூவோன் டேட்டா இலவசம், பழைய லப்டொப்பில கூட கிராப் கீறலாம், 91 ஜிஇவி (துணிக்கைத் திணிவ அளக்கிற சக்தி அலகு) பக்கத்தில இசட் குன்று மாதிரி எழும்பி வருது.

இனிக் குறை. கடைசி வகுப்பு ஒரே ஓட்டம். ஈய அணுக்கரு மோதல், சூரிய மையத்தை விட ஒரு லட்சம் மடங்குக்கு மேல சூடான குவார்க்-குளுவோன் பிளாஸ்மா, எதிர்ப்பொருள் எங்க போச்சு எண்டு தேடுற எல்எச்சிபி டிடெக்டர் எல்லாத்தையும் ஒரே மூச்சில தள்ளிட்டார், ஹிக்ஸ் தன்னோட தானே இடைவினை செய்யிறதும் ஆரம்பப் பிரபஞ்சமும் எப்பிடித் தொடர்பு எண்டது எனக்கு இன்னும் அரைகுறை. கருந்துளை வந்து பூமிய விழுங்குமா எண்டு ஒருத்தர் வாறநேரமெல்லாம் கேட்டதும் ஒரு காரணம்தான். நோட்ஸ் கறுப்பு வெள்ளை போட்டோக்கொப்பி, சிவப்புக் கோடு எது நீலக் கோடு எது எண்டு கடவுளுக்குத்தான் தெரியும். ஏசி சுத்தமா வேலையில்ல, யன்னலத் திறந்தா காலி வீதிச் சத்தம்.

அஞ்சுக்கு நாலு. காரில போறவங்க பார்க்கிங்குக்கு நேரத்தோட வாங்க, முன்வரிசையில இருந்தாத்தான் போர்ட் தெரியும்.