இசைக்கூடம் அமைக்கப் போகிறவர்களுக்கு: முப்பரிமாணப் படத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

கோத்தகிரியில் நானும் என் தங்கையும் நடத்தும் சிறிய இசைக்கூடத்தின் உள்ளலங்காரப் பணியைச் சமவெளியைச் சேர்ந்த ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்து, பணத்தையும் ஒரு பருவத்துக் கச்சேரிகளையும் இழந்தோம். புகார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பழைய பங்களாக்களைக் குத்தகைக்கு எடுத்துக் கச்சேரி, கதை சொல்லல், காபிக் கடை எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் நடத்த நினைப்பவர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். அதே நிறுவனமோ அதே வழியில் தொழில் செய்யும் வேறொரு நிறுவனமோ அவர்களிடமும் வரக்கூடும் என்பதால் நடந்ததை விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் கூடம் பன்னிரண்டு மீட்டர் நீளமும் எட்டு மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் உயரமும் கொண்டது. தடித்த சுவர், தகரக் கூரை. அறுபது பேர் அமர்ந்து ஒலிபெருக்கி இல்லாமல் வீணையும் வாய்ப்பாட்டும் கேட்க வேண்டும், மற்ற நாட்களில் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுக்கொண்டு தேநீர் அருந்த வேண்டும், இந்த மலையின் இசை மரபு வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்ற மூன்று தேவைகளையும் எழுதியே கொடுத்திருந்தோம். அவர்கள் திருப்பிக் கொடுத்தவை முப்பரிமாணப் படங்கள். அவை மிக அழகாக இருந்தன என்பதை மறுக்க முடியாது. சுவர் முழுவதும் துணி போர்த்திய பலகைகள், மேலைநாட்டு இசைக்குறி வடிவில் விளக்குகள், பித்தளைக் குழலுடன் ஒரு கிராமபோன், தேக்கு மேடை. படத்தில் இருந்தவை அத்தனையும் பிறகு கூடத்திலும் வந்து சேர்ந்தன. அந்தப் பொருட்களுக்குள்ளே என்ன இருக்கிறது என்பதில்தான் மோசடி.

முதலில் பலகைகளைச் சொல்கிறேன், ஏனென்றால் இசைக்கூடம் என்ற பெயருக்குப் பொருள் தருவது அவைதான். விலைப்பட்டியலில் 320 சதுர அடி ‘அக்கூஸ்டிக் பேனல்’ (ஒலியை உறிஞ்சும் பலகை), உள்ளே 50 மில்லிமீட்டர் ராக் வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) என்று தெளிவாகக் குறித்திருந்தார்கள். முதல் கச்சேரியில் பாடகர் ஒரு சங்கதியை முடித்து அடுத்ததைத் தொடங்கும்போது முந்தையது இன்னும் கூடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. மிருதங்கத்தின் சொற்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே இரைச்சலாக ஆயின. “கூட்டம் நிறைந்தால் சரியாகிவிடும், மேடம்” என்றார் வடிவமைப்பாளர். ஐப்பசி மழையின் ஓதத்தில் ஒரு பலகையின் துணி பசை விட்டுத் தொங்கியபோதுதான் உள்ளே இருந்தது வெளியே தெரிந்தது. ராக் வூல் இல்லை. மீன் பெட்டிக்கும் கொலுப்படிக்கும் பயன்படும் வெள்ளைத் தெர்மாகோல். மற்ற பலகைகளையும் பிரித்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் அதுவேதான்.

தெர்மாகோல் குளிரைத் தடுக்கும் என்பதால் ஒலியையும் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். இந்த வியாபாரம் நடப்பதே அந்த நம்பிக்கையில்தான். ஒலியை உறிஞ்ச வேண்டுமானால் காற்று உள்ளே நுழைந்து இழைகளுக்கிடையே உராய்ந்து தன் ஆற்றலை வெப்பமாக இழக்க வேண்டும். தெர்மாகோலின் நுண்ணறைகள் மூடியவை, காற்று நுழையாது. ஒரு துண்டை வாயருகே வைத்து ஊதினால் மூச்சு மறுபுறம் வர வேண்டும்; வராவிட்டால் அந்தப் பொருளை இந்த வேலைக்கு வாங்காதீர்கள்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேச்சே விளங்காத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும்படி 1895இல் பணிக்கப்பட்ட வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளர், வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களில் கொண்டுவந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்து ஒரு சூத்திரத்தை வகுத்தார். 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்ஃபனி அரங்கு அவருடைய ஆலோசனையோடு கட்டப்பட்டது. கூடத்தின் கன அளவை (கன மீட்டரில்) 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சு பரப்பால் (ஒவ்வொரு பரப்பையும் அது ஒலியை உறிஞ்சும் விகிதத்தால் பெருக்கிக் கூட்டியது) வகுத்தால், ஒலி 60 டெசிபல் தணிய, அதாவது ஏறத்தாழ முழுதும் அடங்க, எத்தனை நொடி ஆகும் என்பது கிடைக்கும். எங்கள் கூடத்தின் கன அளவு 384 கன மீட்டர். வெறும் பூச்சுச் சுவரும் தரையும் கண்ணாடியும் சேர்ந்து ஏறத்தாழ 14 சதுர மீட்டர் அளவுக்குத்தான் உறிஞ்சும் என்று வைத்துக்கொண்டால் விடை நான்கு நொடிக்கு மேல் போகிறது. அறுபது பேர் அமர்ந்தால் ஒன்றரை நொடிக்கு இறங்கும். மழை நாளில் இருபது பேர் மட்டும் வந்தால் இரண்டரை நொடியைத் தாண்டும். பட்டியலில் சொன்னபடி ராக் வூல் இருந்திருந்தால் நிறைந்த கூடத்தில் அது ஒரு நொடிக்குச் சற்றுக் கீழே வந்திருக்கும், சொற்கள் தெளிவாகக் கேட்டிருக்கும். பள்ளிக் கணக்கு தெரிந்த யாரும் போடக்கூடிய இந்தக் கணக்கை ‘ஒலியியல் வல்லுநர்’ என்று பெயர்ப்பலகையில் எழுதிக்கொண்டவர்கள் ஒரு தாளில்கூடப் போட்டுக் காட்டவில்லை.

கேட்கும் இன்பம் கெட்டது ஒரு பக்கம். உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்பது மறு பக்கம். சாதாரணத் தெர்மாகோலும் பாலியூரித்தேன் நுரையும் தீப்பற்றினால் நொடிகளில் பரவிக் கரும்புகையைக் கக்கும். அமெரிக்காவின் ரோட் தீவில் 2003இல் ஓர் இசை விடுதியின் சுவரில் ஒட்டியிருந்த நுரையில் மேடை வாணவேடிக்கையின் பொறி பட்டு 100 பேர் இறந்தார்கள். பிரேசிலின் சாந்தா மரியாவில் 2013இல் அதே வகை விபத்தில் 242 பேர் மாண்டார்கள். எங்கள் பலகைகளுக்கு ஒரு சாண் தூரத்தில் மேடை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. குளிர்காலத்தில் கூடத்தின் மறுமூலையில் கணப்பும் எரியும்.

கூரைக்கு வருகிறேன். தகரத்தின் மேல் மழை விழுந்தால் உள்ளே தம்பூரா கேட்காது என்பது மலையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அதற்காகவே ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் கண்ணாடி இழைப் பஞ்சு பரப்ப ஒப்புக்கொண்டு அதற்கும் தனியாகப் பணம் வாங்கினார்கள். ஒரு ஜிப்சம் பலகையைக் கழற்றிப் பார்த்தபோது தகரத்துக்கும் பலகைக்கும் இடையே வெற்றிடம் மட்டுமே இருந்தது. கச்சேரி இரவுகளில் கூட்டத்தின் மூச்சுக்காற்றில் உள்ள ஈரம் மேலேறிக் குளிர்ந்த தகரத்தில் நீராகி ஜிப்சத்தின் மேல் சொட்டும். பலகைகள் நடுவில் தொய்ந்து பழுப்பு வளையங்கள் படர்ந்தன. கோயம்புத்தூரில் பல ஆண்டுகள் நிற்கும் வேலை வடகிழக்குப் பருவமழையை நேரே வாங்கும் கோத்தகிரியில் ஒரு பருவம்கூடத் தாங்காமல் போகலாம் என்று அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

அலமாரிகளிலும் இதே கதைதான். கண்ணில் படும் வெளிப்பலகைகளில் மட்டும் ஐ.எஸ். 710 முத்திரை, அதாவது கொதிநீரில் போட்டாலும் அடுக்குப் பிரியாத ஒட்டுப்பலகை ரகம். உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு, விளிம்புகள் உப்பிக் கதவு மூடவில்லை. பலகை வந்து இறங்கும்போதே ஒவ்வொன்றிலும் முத்திரையையும் உரிம எண்ணையும் பாருங்கள். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் சரிபார்க்க முடியும். தேக்கு மேடையைப் பார்த்த எங்கள் ஊர் ஆசாரி, “அக்கா, இது நம்ம எஸ்டேட் சில்வர் ஓக். சாயம் பூசியிருக்காங்க” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

‘மலையின் இசை மரபு’ என்ற தலைப்பில் அவர்கள் மாட்டிய சுவரைப் பற்றி எழுதும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்களின் குழலும் கொம்பும் முழவுகளும் இந்த மலையின் சடங்குகளோடு தலைமுறைகளாகப் பிணைந்தவை. கோத்தகிரியின் பெயரிலேயே அவர்கள் இருக்கிறார்கள். சுவரிலோ ஆப்பிரிக்க ஜெம்பே முழவும் ராஜஸ்தான் பொம்மைகளும் தொங்கின. அவற்றின் பின்னே ‘தோடர் கைத்தையல்’ என்று பில்லில் எழுதிய திரைச்சீலை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற, நீலகிரியின் இன்னொரு பழங்குடியான தோடர்களின் பூத்தையல், வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகக் கையால் போடப்படுவது. இந்தச் சீலையைத் திருப்பிப் பார்த்தால் பின்புறத்தில் ஒரு தையல்கூட இல்லை, பாலியஸ்டரில் அச்சடித்தது. ‘பழங்கால’ கிராமபோனும் அப்படியே: பளபளக்கும் பித்தளைக் குழல், புதிதாகச் செய்து பழுப்பேற்றிய பெட்டி, மேலே நாய்ப்படம் போட்ட ஒரு தகடு. சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்யும் இந்தப் போலிகள் நாடெங்கும் விற்கின்றன. அலங்காரமாக வைக்கலாம், தவறில்லை; ஆனால் அதன் கனத்த ஊசிக்கை என் தாத்தாவின் அரக்கு இசைத்தட்டு ஒன்றை உழுதுவிட்டது.

பணம் வாங்கிய முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத்தின்போது பாதி, ‘பொருள் வந்து இறங்கியதும்’ நாற்பது விழுக்காடு, முடிவில் பத்து. பொருள் வந்ததற்குச் சான்றாக லாரியின் புகைப்படம் வந்தது. லாரிக்குள் என்ன இருந்தது என்பது வரவில்லை. பதினெட்டு விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேர்த்தே வாங்கினார்கள், ஆனால் பில்லில் இருந்த எண்ணை அரசின் தளத்தில் தேடியபோது பதிவு ரத்தானது என்று காட்டியது. அந்தத் தேடலுக்குக் கட்டணம் இல்லை, ஒரு நிமிடம் போதும். கட்டடக் கலைஞர் என்ற பட்டத்தை 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்றவர் மட்டுமே பயன்படுத்த முடியும். உள்ளலங்கார வடிவமைப்பாளர் என்ற பெயருக்கு அப்படியொரு கட்டுப்பாடு கிடையாது, நாளைக் காலையில் நானும் பலகை மாட்டிக்கொள்ளலாம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, செலுத்திய தொகை ஐம்பது லட்சம் ரூபாய் வரையிலான புகாரை மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்ற வாதத்தை எதிர்த்தரப்பு நிச்சயம் எடுக்கும்; எங்களிடமும் எடுத்திருக்கிறார்கள். சுயதொழிலாக வாழ்வாதாரத்துக்கு நடத்துபவர்கள் அதில் விலக்குக் கேட்க இடமுண்டு என்பதால், கூடத்தை நாங்களே நடத்துகிறோம் என்பதற்கான உரிமம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் இணைத்திருக்கிறோம். முதல் ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் பயன்பட்டது.

பலகைகளின் துணியை மட்டும் இலவசமாக மாற்றித் தருவதாக நிறுவனம் வழக்கறிஞர் மூலம் சொல்லியனுப்பியது, மறுத்துவிட்டோம். பிரித்தெடுத்த தெர்மாகோலையும் பார்ட்டிக்கிள் போர்டையும் தேதியிட்ட படங்களோடு பத்திரப்படுத்தியிருக்கிறோம். எங்கள் ஆசாரி மரச்சட்டம் அடித்து, ராக் வூல் நிரப்பி, மேலே கைத்தறித் துணி போர்த்திப் பாதிச் சுவரை முடித்திருக்கிறார். செலவு நிறுவனம் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அந்த மரச்சட்டத்தின் அளவுப் படமும் அவர்கள் தந்த விலைப்பட்டியலின் நகலும் வேண்டுமென்றால் எழுதுங்கள், பெயரை மறைத்து அனுப்புகிறேன். நிறுவனத்தின் பெயரை மட்டும் ஆணையத்தின் உத்தரவு வரும்வரை யாரும் கேட்க வேண்டாம்.