சர்க்கரைக்கு வீடியோ டாக்டரா, நேரில் பார்ப்பதா?

அம்மாவுக்குச் சர்க்கரை, கூடவே ரத்த அழுத்தம். குலசேகரத்திலிருந்து நாகர்கோவில் டாக்டரிடம் நேரில் போவதா, அவரையே வீடியோவில் பார்ப்பதா என்று வீட்டில் பெரிய விவாதம் நடந்து, கடைசியில் வீடியோ பக்கம் வந்தோம். இதையும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

பஸ் செலவு, தக்கலை நெரிசல், டோக்கன் வாங்கிக் காத்துக்கிடப்பது எல்லாம் தெரிந்த கதை. அதற்காக மட்டும் மாறியிருக்க மாட்டோம்.

மாற வைத்தது இன்சுலின் அளவு. இரவு போடும் நீண்டநேர இன்சுலினைக் காலை வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்த்துச் சில நாட்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுவார்கள். பெரும்பாலும் 2 யூனிட். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறவருக்கு இந்த நிதானம் வாய்க்காது. மூன்று மாதச் சராசரி கூடியிருக்கிறது என்று தெரியும். எந்த வேளையில் கூடுகிறது என்று தெரியாது. தாராளமாக ஏற்றினால் நள்ளிரவில் சர்க்கரை இறங்கிவிடுமோ என்ற பயம், ஏற்றாவிட்டால் அடுத்த முறை வரை அதே நிலை.

இப்போது அம்மாவின் நோட்டை கேமரா முன் விரிக்கிறோம். கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. காலை அளவு, யூனிட், ஓரத்தில் முந்தைய இரவுச் சாப்பாடு. மரச்சீனிக் கிழங்கு என்று எழுதிய இரவுகளுக்கெல்லாம் மறுநாள் காலை எகிறியிருப்பதை டாக்டர்தான் கண்டுபிடித்தார். “கிழங்கை விட வேண்டாம் அம்மா, பாதியாக்கி மீனைக் கூட்டிக்கொள்ளுங்கள்” என்றார். ரத்த அழுத்தமும் அப்படித்தான்: ஆஸ்பத்திரியில் உயரும், வீட்டில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து எடுத்தால் அடங்கியிருக்கும். ஒரு நாள் எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டாமல் தப்பித்தோம்.

டாக்டர்களில் இதை ஒப்பாதவர்களும் உண்டு. “தொடாமல் மருந்து எழுத மாட்டேன்” என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். அதில் நியாயம் இருக்கிறது. ஒரே இடத்தில் ஊசி குத்தித் தோல் தடித்துப்போனால் மருந்து ஒழுங்காக ஏறாது. அதை விரலால் தடவித்தான் அறிய முடியும். பாதத்தில் நைலான் இழையை அழுத்தி உணர்ச்சி பார்ப்பது, விழித்திரைப் பரிசோதனை இவையெல்லாம் போனில் நடக்கிற காரியமில்லை. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளும் இதற்கு இடம் வைத்திருக்கின்றன. நேரில் பார்த்து 6 மாதத்துக்குள் அதே டாக்டரிடம் அதே நோய்க்குப் பேசினால்தான் அது தொடர் ஆலோசனை. எந்தக் கட்டத்திலும் “நேரில் வாருங்கள்” என்று சொல்ல டாக்டருக்கு உரிமை உண்டு. எனவே அந்தக் கெடு முடியுமுன் அம்மாவை நாகர்கோவிலுக்கு அழைத்துப்போய்விடுகிறோம்.

நோயாளிகளின் மனத்தடை வேறு மாதிரி. “நெஞ்சில் குழல் வைக்காதவருக்கு எதற்குப் பீஸ்?” என்பது பக்கத்து வீட்டு அத்தையின் கேள்வி. அவர் பிள்ளைகள் வளைகுடாவில். போனைப் பிடித்து நோட்டைக் காட்ட ஆள் இல்லை. அவருக்கு வீடியோவைச் சிபாரிசு செய்ய மாட்டேன். மாத்திரையிலேயே சர்க்கரை கட்டுக்குள் நிற்பதால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் போதும். சர்க்கரையும் அழுத்தமும் வீட்டிலேயே பார்த்து மாத்திரையும் தருகிறார்கள், இலவசமாக. வீடியோவில் டாக்டரைப் பார்க்க அரசு நடத்தும் இ-சஞ்சீவனியும் இலவசம்தான், ஆனால் அம்மாவின் நோட்டைத் தொடர்ந்து பார்க்கிற ஒரே டாக்டர்தான் எங்களுக்குத் தேவைப்பட்டார்.

எங்கள் அனுபவம் இந்த இரண்டு நோய்களோடு நிற்கிறது. இதயம், சிறுநீரகம் என்று போனவர்களுக்கு இதே கணக்கைப் போட நான் துணிய மாட்டேன்.

பேச்சிப்பாறைக்கு மேலே மலைப்பக்கம் இருப்பவர்கள் சிக்னலை நினைத்துத் தயங்குவார்கள். நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், தொடர் ஆலோசனைக்குச் சாதாரண அழைப்பே போதும். விதியும் அதை அனுமதிக்கிறது. மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.