இத்ரீஸ் நபியைப் பற்றிய ஒரு சிறுவர் நூலும் அதை வாங்கிய கடையும்

இலங்கையின் காத்தான்குடியிலுள்ள ஒரு சிறிய புத்தகக் கடையில், குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகும் என் மகளுக்காக, இறைத்தூதர்களுள் (நபிமார்களுள்) ஒருவரான இத்ரீஸ் (அலை – அவர்மீது அமைதி உண்டாவதாக) அவர்களைப் பற்றிய 32 பக்கச் சிறுவர் நூலொன்றை வாங்கினேன். நபியின் உருவத்தை வரையாமல், மைக்கூட்டில் தோய்த்த நாணல் எழுதுகோலையும் நூல் கோத்த ஊசியையும் மட்டுமே ஓவியர் வரைந்திருப்பது மிகப் பொருத்தம். முதன்முதலில் எழுதுகோலால் எழுதியவரும் துணி தைத்து உடுத்தியவரும் அவரே என்பது மரபு.

எனக்குள்ள குறை ஒன்றே, ஆனால் அது சிறியதன்று. குர்ஆன் அவரை இரண்டு இடங்களில்தான் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: 19ஆம் அத்தியாயம் அவரை உண்மையாளர், நபி, உயர்ந்த இடத்துக்கு உயர்த்தப்பட்டவர் என்கிறது, 21ஆம் அத்தியாயம் பொறுமையாளர்களுள் ஒருவராகச் சொல்கிறது. எழுத்தும் தையலும் வானியல் அறிவும் பிற்கால விரிவுரைகளிலும் வரலாற்று நூல்களிலும் வருபவை. இந்நூல் எல்லாவற்றையும் ஒரே பந்தியில் கலந்துவிட்டதால், "இது எந்த ஆயத்துல (குர்ஆன் வசனத்துல) வருது, வாப்பா?" என்று வரியில் விரலை வைத்தபடியே மகள் கேட்டாள்.

தாளும் அச்சும் தரமானவை. கடைக்காரர் புரட்டிப் பார்க்கத் தாராளமாக விடுகிறார். பெற்றோர் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டுவதானால் இந்நூலைத் தயங்காமல் வாங்கலாம்.